குறை இருந்தால் சொல்லுங்கள்

விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ளும் பக்குவம் எனக்கு உண்டு என்று நான் உறுதியாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. அதுவரை யாரும் என்னை விமர்சித்திருக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பரிசளிப்பு விழாவில் பாடவேண்டிய ஆசிரியைக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் கடைசி நேரத்தில் நான் மேடையேறிப் பாடினேன். பெற்றோர்கள் பலமாகக் கைதட்டினார்கள். (இரண்டு வாரத்தில் தவணைப் பரீட்சை. கணக்கு வாத்தியார் பாடினால் அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள், பாவம்.) அந்தக் கைதட்டலை நம்பி நான் ஓர் இசைக்குழுவே ஆரம்பித்துவிட்டேன்.

குழுவில் நான்கு பேர். பாடகன், தலைவன், அறிவிப்பாளன் ஆகிய மூன்று பதவிகளையும் குணா என்கிற நானே வைத்துக்கொண்டேன். போட்டியே இருக்கவில்லை, ஏனென்றால் நான் யாரையும் கேட்கவில்லை. கீபோர்ட் வாசித்தது என் தங்கை வசந்தி. பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கிட்டார் வாசித்தது மோகன். ஏ.எல். பரீட்சை வரை என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன். பதுளை பஸாரில் அவன் அப்பாவுக்கு ஹார்ட்வெயார் கடை. டிரம்ஸ் அடித்தது நுவன். ஆட்டோ ஓட்டுகிற சிங்களப் பையன். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததால் தமிழ் எங்களைப் போலவே பேசுவான். எழுதத்தான் தெரியாது.

ஞாயிறு பிற்பகல்களில் மோகன் கடைக்குப் பின்னால் இருந்த ஸ்டோரில் ஒத்திகை. ஒரு பக்கம் சிமெந்து மூட்டை, ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், நடுவில் நாங்கள். என் குரல் எங்காவது பிசகினால் நான் சிமெந்துத் தூசியைக் குறை சொல்வேன். இரண்டு வருடத்தில் அந்தத் தூசி வாங்கிய பழி கொஞ்சநஞ்சமல்ல.

குறை சொல்வதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது. நுவனிடம் எதைக் கேட்டாலும் "சூப்பர் சேர்" என்பான். வசந்தி வாயைத் திறக்கமாட்டாள். நான் சுருதி விலகும்போதெல்லாம் கீபோர்ட் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். (அவளுக்கு உணர்ச்சி பொங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.) மோகன் மட்டும் நேராகச் சொல்வான். சொல்லிவிட்டு உடனே பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பான். என் வழி வேறு. நான் நேரில் எதுவும் பேசமாட்டேன். வீட்டுக்குப் போய்க் குழுவின் வாட்ஸ்அப்பில் நீண்ட கடிதம் எழுதுவேன். ஒவ்வொரு கடிதமும் "நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை" என்று தொடங்கும். மூன்றாவது வரியில் ஆளின் பெயர் வந்துவிடும்.

ஒரு ஞாயிறு மோகன் தன் போனில் எங்கள் பாட்டைப் பதிவு செய்து எனக்குப் போட்டுக் காட்டினான்.

"மச்சான், பல்லவி முடியிற எடத்துல ஒனக்கு சுருதி எறங்குது. கேட்டுப் பாரு, ஒனக்கே வெளங்கும்."

கேட்டேன். போனில் ஏதோ கோளாறு என்றேன். அவன் நுவனின் போனில் பதிவு செய்து காட்டினான். அந்தப் போனிலும் அதே கோளாறு இருந்தது. அதன் பிறகு மூன்று வாரம் நான் மோகனோடு பேசவில்லை. ஒத்திகைக்கு மட்டும் தவறாமல் போனேன். "நுவன், கிட்டார் சத்தத்தக் கொறைக்கச் சொல்லு" என்பேன். மோகன் எனக்கு மூன்றடி தூரத்தில் நிற்பான். நுவன் அவனிடம் திரும்பி, "அண்ணே, சத்தத்தக் கொறைக்கட்டுமாம்" என்பான். தமிழிலிருந்து தமிழுக்கு ஒரு சிங்களப் பையன் மூன்று வாரம் மொழிபெயர்த்தான். அவனுக்கு இன்றுவரை நான் நன்றி சொல்லவில்லை.

இந்த நிலையில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. எங்கள் பாடசாலை அதிபர் ராஜலிங்கம் ஐயா தன் மகளின் கல்யாணத்துக்கு எங்கள் குழுவை அழைத்தார். வெளி மேடை எதுவும் பார்க்காத குழு நாங்கள். பரிசளிப்பு விழாவில் நான் பாடியதை அவர் மறக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். வெலிமடையில் மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் மொனராகலையிலிருந்து வருகிறார்கள். முந்நூறு பேர் சபை. இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

அதே வாரம் பண்டாரவளையில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே பயிற்சி நடத்த வந்த வளவாளர் ஓர் அம்மையார். ஒரு குழுவுக்குள் குறைகளைப் பெயர் போடாமல் துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடச் சொன்னால் யார் மனமும் நோகாது, குழு வளரும் என்று அருமையாக விளக்கினார். நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன். என் குழுவில் வளரவேண்டிய மூன்று பேரை நினைத்தபோது மனம் நெகிழ்ந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு வெறும் பிஸ்கட் டின்னோடு ஸ்டோருக்குப் போனேன். விஷயத்தை விளக்கினேன். ஆளுக்கு ஒரு துண்டு. குழுவின் மிகப்பெரிய குறை எதுவோ அதை எழுதவேண்டும். பெயர் வேண்டாம். ஒரு வாரம் அவகாசம். மோகன் சிரித்தான்.

"நாலு பேருக்குள்ள என்னா மச்சான் பெட்டி? வாயால சொல்லிறலாமே."

வாயால் சொன்னதால்தான் மூன்று வாரம் போச்சு என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் நான் பண்டாரவளைக் குறிப்பை எடுத்து வாசித்துக் காட்டினேன். அவன் சரி என்று விட்டுவிட்டான்.

மறு ஞாயிறு டின்னைத் திறந்தேன். எல்லோரையும் சிமெந்து மூட்டைமேல் வரிசையாக உட்காரவைத்து, நான் நின்றுகொண்டு உரக்க வாசித்தேன்.

முதல் துண்டு: "குழுவில் சிலர் தேவையற்ற விமர்சனங்களைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும்." அது நான் எழுதியது. யாருக்கும் தெரியாது என்று நினைத்து, "ம், சிந்திக்கவேண்டிய விஷயம்" என்றும் சொன்னேன். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

இரண்டாவது வெறுங் காகிதம். இந்தக் குழுவில் குறையே காணாத ஒரு நல்ல உள்ளமும் இருக்கிறது என்று பாராட்டினேன்.

மூன்றாவது: "குணா பாட்டுக்கு முன்னாடி பேசுறதக் கொறைக்கணும். சனம் பாட்டுக் கேக்கத்தான் வரும்."

நான்காவது: "சேர் தாளத்துல நிக்கிறதே இல்ல. போற பஸ்ஸப் புடிக்க ஓடுற மாதிரி பாடுறாரு. பின்னாடி ஓடி ஓடி மூச்சு வாங்குது. வசந்தி பாடுனா நல்லா இருக்கும்."

நான்காவதை நான் முழுவதும் உரக்க வாசிக்கவில்லை. "பஸ்" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மீதியை மனத்துக்குள் வாசித்தேன். பிறகு மூன்றாவதையும் நான்காவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்து யார் யாரிடம் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆள் நான். இரண்டும் ஒரே கையெழுத்து. கடைச் சிட்டையில் எழுதுகிற, வலது பக்கம் சாய்ந்த, மோகனின் கையெழுத்து.

ஒரு சாதாரண மனிதனுக்கு இந்த இடத்தில் இரண்டு மூன்று கேள்விகள் எழுந்திருக்கும். மோகன் என்றைக்கு என்னைச் சேர் என்றான்? தாளத்தைப் பற்றி முதலில் கவலைப்படுவது கிட்டார்காரனா, டிரம்ஸ்காரனா? பஸ்ஸுக்கு ஓடும் ஆட்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவன் யார்? எனக்கு ஒன்றும் எழவில்லை. சேர் என்று எழுதியது நக்கல் என்று முடிவு கட்டினேன்.

"மோகன், ஆளுக்கு ஒரு துண்டுன்னுதானே சொன்னேன். இது ரெண்டும் யார் எழுத்து?"

மோகன் நுவனைப் பார்த்தான். நுவன் குனிந்து டிரம்ஸில் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணி அது.

"எழுத்து என்னோடதுதான்" என்றான் மோகன்.

அவன் சொன்னது உண்மை. நான்தான் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். நம்பிக்கை இல்லாத இடத்தில் இசை இருக்காது, இனி இந்தக் குழுவில் உனக்கு இடமில்லை என்று எழுத்துத் தமிழிலேயே சொல்லிவிட்டேன். மோகன் கிட்டாரின் வயரைக் கழற்றி அழகாகச் சுற்றி வைத்தான்.

அப்போதுதான் ஒரு நடைமுறைச் சிக்கல் தெரிந்தது. நான் வெளியேற்றியது அவனை. ஆனால் வெளியே போகவேண்டியது நாங்கள்தான். ஸ்டோர் அவனுடையது. ஸ்பீக்கரும் அவனுடையது. நானும் வசந்தியும் நுவனும் டிரம்ஸைக் கழற்றி, கீபோர்டைத் துணியில் சுற்றி, குழாய்களுக்கு இடையில் பக்கவாட்டில் நடந்து வெளியே வந்தோம். பெரிய டிரம் ஆட்டோவுக்குள் நுழையவில்லை. மோகனே வந்து அதைச் சாய்த்துப் பிடித்து உள்ளே தள்ளிக் கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, "பாத்துப் போங்க சேர்" என்றான்.

பத்து வயதிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டவன். அந்தச் சொல் என்னை எப்படிக் குத்தியது என்பதை நான் அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

மீதி ஒரு மாதம் எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஒத்திகை பார்த்தோம். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமையில் காலியாகக் கிடக்கும். கிட்டார் இல்லாமல் பாட்டு எலும்பும் தோலுமாகக் கேட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் மோகனின் துரோகத்தைச் சொன்னேன். பாடசாலையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், பதுளையில் தலைமுடி வெட்டுகிற இடத்தில்கூடச் சொன்னேன். வசந்தி ஒருநாள், "அண்ணே, மோகன் அண்ணன் இல்லாம வெலிமடைக்குப் போக வேணாம். அதிபர்கிட்ட இப்பவே சொல்லிருங்க" என்றாள். அவளுக்கும் அவன் ஏதோ சொல்லிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். நுவன் அந்த மாதம் முழுவதும் ஒருமுறைகூட "சூப்பர் சேர்" சொல்லவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

கல்யாண நாள் வந்தது. காலையில் கோயிலில் தாலி கட்டு முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. மொனராகலையிலிருந்து வந்த பஸ் வழியில் தாமதமாகி நேரே மண்டபத்துக்கே வந்து, ஆட்கள் பசியோடும் குளிரோடும் இறங்கினார்கள். வெயிலில் பழகிய சனம். வெலிமடைக் காற்று அவர்களுக்குப் பனிப்பெட்டி மாதிரி. பெண்கள் சேலைத் தலைப்பால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையின் ஒரு பக்கம் பொண்ணும் மாப்பிள்ளையும் அலங்கார நாற்காலியில். மறுபக்கம் நாங்கள். மண்டபத்தின் சொந்த மைக் செட். வயர் இல்லாத மைக் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள்.

அதிபர் எங்களை அறிமுகப்படுத்திப் பேசிக்கொண்டிருந்தார். நான் நுவன் பக்கம் குனிந்து, "அந்தத் துரோகி இல்லாமயே இன்னைக்கு ஜெயிச்சுக் காட்டுவோம்" என்றேன்.

நுவன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"சேர், அந்த பஸ் துண்டு நான் சொன்னது. எனக்குத் தமிழ் எழுத வராதுல்ல. மோகன் அண்ணன்கிட்டச் சொல்லி எழுதி வாங்குனேன். யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

"ஏன்டா இப்ப சொல்ற?"

"ஒரு மாசமா சொல்லத்தான் பாக்குறேன் சேர். நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க."

சபை கைதட்டியது. அதிபர் என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழைத்தார். நான் மைக்கோடு மேடை நடுவுக்கு நடந்தேன். அந்த ஆறேழு அடியில் எனக்குள் ஒரு மாதம் முழுவதும் திரும்பி ஓடியது. முடி வெட்டும் இடத்தில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவுக்கு வந்தது.

முதல் பாட்டு எப்படியோ முடிந்தது. இரண்டாவது பாட்டில் என் காதுக்கு முதன்முறையாக ஒன்று கேட்டது. டிரம்ஸ் எனக்குப் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தது. நான் வேகமாகப் போனால் அது மூச்சிரைக்க ஓடியது. நான் இழுத்தால் அது பிரேக் போட்டது. வசந்தி கீபோர்ட் சத்தத்தைக் கூட்டினாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல மனிதன் ஒருவன் அந்த இடத்தில் மைக்கைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருப்பான். நான் பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். விமர்சனத்தை ஏற்றுக்கொள்கிற ஆள்தான் நான் என்று அந்த நிமிடமே, முந்நூறு பேர் முன்னால், நிரூபிக்கவேண்டும் போல இருந்தது.

"அன்பான உறவுகளே," என்றேன். "ஒரு கலைஞனுக்கு விமர்சனம்தான் உணவு. என் பாட்டில் குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். நான் மனதார ஏற்றுக்கொள்வேன்."

நான் எதிர்பார்த்தது இதுதான்: முன்வரிசையில் ஒரு பெரியவர், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை தம்பி, அருமையாகப் போகுது, பாடுங்க என்பார். சபை கைதட்டும். நான் அடக்கமாகத் தலைகுனிவேன். (உணவு என்ற சொல்லை அந்த நேரத்தில் அந்தச் சபையில் உச்சரித்தது எவ்வளவு பெரிய பிழை என்பது பிறகுதான் தெரிந்தது. மணி ஒன்றரை.)

யாரும் பேசவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கினேன். வகுப்பில் கை தூக்கிய பிள்ளையிடம் போவதுபோல, முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் போய் மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். அவர் தயங்கினார். நான் பரவாயில்லை, சொல்லுங்கள் என்றேன்.

"பாட்டு கெடக்கட்டுங்க தம்பி. அந்த ஜன்னல யாராவது சாத்துனா நல்லது. கொழந்த குட்டியெல்லாம் நடுங்குது."

மண்டபம் முழுக்க அது எதிரொலித்தது. பாட்டைப் பற்றி இல்லையே என்று எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் அடுத்த ஆளிடம் மைக்கை நீட்டினேன். அந்த அம்மா, பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஒரு வாய் டீ கூடக் கொடுக்கவில்லை என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பாட்டு வரிசை எழுதிய தாளின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டுக் குறித்துக்கொண்டேன். ஆசிரியர் புத்தி. எழுதுவதைப் பார்த்ததும் சனத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஏதோ நடவடிக்கை எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, நாலாபக்கமும் கை எழுந்தது.

பொண்ணு வீட்டு வரிசையில் ஒருவர், இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தவர்களுக்கு டீ ஆறாமல் இருக்குமா என்று கேட்டார். நான் மைக்கைத் திருப்பி மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் கொண்டுபோனேன், நியாயமாக இருக்கவேண்டும் என்பதற்காக. அங்கிருந்து ஒருவர், பாதையில் மண் சரிந்தது எங்கள் குற்றமா என்றார். இந்தப் பக்கம் ஒரு மாமா, அழைப்பிதழில் தன் பெயரைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அந்தப் பக்கம் ஓர் அத்தை, தாங்கள் பதுளையிலிருந்து டி.ஜே. கொண்டுவருகிறோம் என்று சொன்னபோது வேண்டாம், எங்கள் சேர் பாடுவார் என்று அடம் பிடித்தது யார் என்று அதிபரைக் கைகாட்டிக் கேட்டார். அதற்குப் பிறகு மைக்குக்கு அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் நான் நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பக்கமும் எழுந்து நின்றுவிட்டார்கள். என் தாளில் பதினேழு இலக்கம் ஆகியிருந்தது. அதில் ஒன்றுகூட என் பாட்டைப் பற்றியது அல்ல. என் பாட்டை ஒருவரும் கேட்டிருக்கவே இல்லை.

அப்போதுதான் மேடையைப் பார்த்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் ஒருவரும் இல்லை. போட்டோக்காரர்கூட இறங்கி வந்து யாரையோ விலக்கிக்கொண்டிருந்தார். பொண்ணு கைக்குட்டையை மடித்து, மை கலையாமல், கண்ணின் ஓரத்தை ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். மண்டபத்தில் அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மைக்க ஆஃப் பண்ணுங்க சேர்."

ஆஃப் பண்ணினேன். பொத்தான் எங்கே என்று தேடியதில் அதற்கும் கொஞ்ச நேரம் எடுத்தது.

சமையல்காரர் பந்தி தயார் என்று வந்து சொன்னதால் சண்டை சாப்பாட்டு மேசைக்கு நகர்ந்து, அங்கே சோற்றோடு சேர்ந்து மெல்ல அடங்கியது. சமாதானமாக அல்ல. ஒரு வீட்டார் ஒரு பக்கம் பார்த்தும் மற்ற வீட்டார் மறுபக்கம் பார்த்தும் சாப்பிட்டார்கள். அதிபர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சேர்" என்றார். அவ்வளவுதான். நானும் நுவனும் சாப்பிடவில்லை. வசந்தி மட்டும் சாப்பிட்டாள். மருந்துக்கடையில் லீவு போட்டு வந்ததற்கு அதுவாவது மிஞ்சட்டும் என்றாள்.

திரும்பி வரும்போது வேன் ஜன்னலில் ஊவாவின் மலைகள் எல்லாம் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் இருந்தது. கடைசியில் நான் வசந்தியிடம், நீயாவது என்மேல் குறை காணாமல் வெறும் துண்டு போட்டாயே, அது போதும் என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தத் துண்டுல எடம் பத்தலண்ணே."

மறுநாள் பாடசாலை விட்டதும் நேரே பதுளைக்குப் போனேன். மோகன் கடையில் ஆட்கள் நிறைய. அவன் என்னைப் பார்த்தான். ஆனால் வரிசையில் முன்னால் நின்றவர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். என் முறை வந்தபோது, "என்னாங்க சேர் வேணும்?" என்றான். மன்னிப்பு என்று சொல்ல வந்த வாய் கதவுக் கீல் என்று சொல்லிவிட்டது. எத்தனை அங்குலம் என்று கேட்டான். இரண்டு என்றேன். நான்கு கீல்களைத் தாளில் சுற்றினான்.

"மோகன், நுவன் எல்லாம் சொல்லிட்டான். நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"அவன் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டான். ஒங்க மனசு நோகுமாம்." பொட்டலத்தை என் பக்கம் தள்ளினான். "ஒங்ககிட்ட நேராச் சொன்னாலும் பிரச்சினை, சொல்லாட்டியும் பிரச்சினை, எழுதிப் போட்டாலும் பிரச்சினை. வேற எப்படித்தாங்க சேர் சொல்றது?"

திரும்பி வா, இனி வசந்தி பாடட்டும், நான் ஓரமாக இருக்கிறேன் என்றேன். அப்படிச் சொல்லவே எனக்குப் பெரும்பாடு. அவன் கோபப்படவில்லை. பண்டாரவளையில் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். நல்ல ஆட்களாம். யார் பிழை விட்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லிக்கொள்வார்களாம். சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது. எங்கள் ஸ்டோரில் அந்த முகத்தை நான் இரண்டு வருடத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

எங்கள் குழு அத்தோடு முடிந்தது. நுவன் கொஞ்ச நாள் கழித்து மோகனின் குழுவுக்கே டிரம்ஸ் அடிக்கப் போனான். போகலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனான். நானே போகச் சொன்னேன். வசந்தி கல்யாணமாகி மொனராகலைக்குப் போய்விட்டாள். அங்கே கோயில் திருவிழாவில் பாடுகிறாள், ஊரே கேட்கிறது. நான் அந்த வருடக் கடைசியில் பசறைப் பக்கம் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன முதல் நாளே ஆசிரியர் கூட்டம். புது அதிபர் பேசி முடித்து, "யாருக்காவது ஏதாவது கருத்து இருந்தா..." என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்ததும் கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். எனக்கு முன்னாலேயே கதை பஸ் ஏறி வந்திருந்தது.

என் கல்யாணத்துக்கு மோகன் வந்தான். சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசளித்தான். கையைப் பிடித்து, "நல்லா இருங்க சேர்" என்றான். அதில் நக்கல் இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. அவனைப் பழையபடி மச்சான் என்று கூப்பிடவைக்க நான் சில முயற்சிகள் செய்திருக்கிறேன். அவற்றால் என் வீட்டில் இப்போது தேவைக்கு அதிகமாகக் கீல்கள் சேர்ந்திருக்கின்றன.

அதே கல்யாணத்துக்கு வெலிமடைப் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள், கையில் ஒரு குழந்தையோடு. நான் முகம் கொடுக்க முடியாமல் நின்றேன். அந்தப் பொண்ணு சிரித்துக்கொண்டே என் மனைவியின் காதில் ஏதோ சொன்னாள். அவர்கள் வீட்டில் புருஷன் பொண்டாட்டி சண்டை வந்தால் யாராவது ஒருவர் அன்று மேடையிலிருந்து அவள் என்னிடம் சொன்ன வசனத்தைச் சொல்வார்களாம், உடனே சண்டை நின்றுவிடுமாம். பிறகு என்ன, என் மனைவி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

வெலிமடையில் அன்று அவள் இல்லை. ஆனால் அந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வாள். விருந்தாளிகள் வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான். அவள் சொல்லச் சொல்ல முந்நூறு பேர் எண்ணூறு பேர் ஆகிவிட்டார்கள், என் தாளில் பதினேழு குறை எழுபது ஆகிவிட்டது. திருத்துவதற்கு நான் வாயைத் திறந்தால் எல்லோரும் சேர்ந்து அந்த வசனத்தைச் சொல்வார்கள்.

போன மாதம் என் மகள் கணக்குக் கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. கழித்தலில் கடன் வாங்க மறந்துவிட்டாள். நான் விளக்க ஆரம்பித்து, அவள் கையெழுத்துக்குப் போய், பென்சில் பிடிக்கும் விதத்துக்குப் போய், பொதுவாக வாழ்க்கையில் கவனம் என்பது எவ்வளவு முக்கியம் என்ற இடத்துக்கு வந்திருந்தேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அமைதியாக என்னைப் பார்த்தாள்.

"மைக்க ஆஃப் பண்ணுங்க சேர்."

குசினிக்குள் என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் நிறுத்திக்கொண்டேன். இந்த முறை உடனே.